‘சும்மா மரம் வெட்டிக்கிட்டு இருந்தேன்’

(ஜொகூர் பாருவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்னால் இடம் இருந்தும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களே, வணக்கம்.

வாசலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, தோளில் துப்பாக்கியோடு ஒரு பெண். கீழே ‘வரலாறு மறந்த வீராங்கனைகள்’ என்று கொட்டை எழுத்து. ஏற்பாட்டாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. படம்தான் இருக்கிறதே, அப்புறம் எப்படி மறந்ததாகும்? அன்றைக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருக்கிறார். எண்பது வருடமாக அதை யாரோ பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நாமும் தேடி எடுத்துப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறோம். நான் பேச வந்தது படம் எடுக்கப்படாதவர்களைப் பற்றி. ஆனால் அவர்களிடம் போய்ச் சேர எனக்கு இந்தப் படத்தை விட்டால் வேறு வழி தெரியவில்லை. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

1943 ஜூலை 2-ஆம் தேதி, இந்திய விடுதலைக்குப் படை திரட்டிய சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஒரே வாரத்தில், பாடாங் திடலில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன்னால், பெண்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்றார். அந்தப் படைக்கு ஜான்சி ராணியின் பெயர். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அலைந்து திரிந்து இருபது பெண்களைச் சேர்த்தார். அந்த இருபது பேரும் சேலை கட்டிக்கொண்டு, கையில் நிஜத் துப்பாக்கியோடு, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறந்தது. இங்கிருந்து எவ்வளவு தூரம்? பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். அப்படி ஒரு நாளை நீங்கள் கண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

இதில் ஜொகூருக்கு என்ன பங்கு என்று சிலர் கேட்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் அந்த முகாமுக்கு ரயிலில் போன பெண்கள் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் தாண்டி, நம் ஜொகூர் பாரு நிலையத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அன்று சிங்கப்பூருக்கு வேறு தண்டவாளம் கிடையாது. அந்த ரயிலின் இரண்டு பக்கமும் பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம். அதற்குள் வேலை செய்தவர்கள் யார் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தப் படையில் ஜானகி தேவர் இருந்தார். கோலாலம்பூர்க்காரர், வசதியான வீட்டுப் பெண், பதின்பருவத்தை இன்னும் தாண்டவில்லை. போஸ் பேசிய கூட்டத்தில் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். மகளைப் பட்டாளத்துக்கு அனுப்பத் தகப்பனார் லேசில் சம்மதிக்கவில்லை. பிறகு படையின் துணைத் தளபதியானார். நாடு திரும்பி, 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது தொடக்க உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். மேலவையில் உட்கார்ந்தார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014-இல் மறைந்தார். ஈப்போவில் 1927-இல் பிறந்த ராசம்மாவும் அவருடைய அக்காவும் அதே படையில் சேர்ந்தார்கள். அந்த ராசம்மா பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் நாடறிந்த ஆசிரியை ஆனார். அவரைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

இந்திய எல்லையில் நடந்த இம்பால் போரில் போஸின் படை தோற்றதால் இந்தப் பெண்களுக்கு எதிரியை நேருக்கு நேர் சுடும் வாய்ப்பு வரவில்லை. பர்மாவில் மேமியோ மருத்துவமனையில், மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் காயத்திலும் துவண்டு வந்த சிப்பாய்களைக் கவனித்துக்கொண்டார்கள். அங்கேயும் குண்டு விழுந்தது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். விமானத்துக்குப் பயந்து பகலில் ஒளிந்து, இரவில் நடை. ஜானகி அந்த நடையில் இருந்தவர். பாங்காக் போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வேறொரு குழு ரயிலில் திரும்பியது. வழியில் கெரில்லாக்கள் சுட்டதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஒருவர் ஸ்டெல்லா, இன்னொருவர் ஜோசஃபின். படையிலேயே உயிரைக் கொடுத்த அந்த இருவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குப் பெயருக்கு மேல் ஒரு வரி தெரியும்?

கவனித்துப் பாருங்கள். லட்சுமி டாக்டர். ஜானகியும் ராசம்மாவும் படித்தவர்கள். பேட்டி காண வந்தவர்களுக்கு அவர்களிடம் பேச முடிந்தது. அவர்களாலும் எழுத முடிந்தது. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் பேசியிருக்காவிட்டால் இந்தப் படையே ஒரு வதந்தியாகப் போயிருக்கும். ஆனால் படையில் பெரும்பாலோர் அவர்களைப் போன்றவர்கள் இல்லை. தோட்டத்துப் பெண்கள். மரம் வெட்டியவர்கள், மரம் வெட்டியவர்களின் மகள்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஏராளம். முகாமில் ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த மொழியில் தன் பெயரை எழுதிப் பார்த்திராத ஒரு பெண், அறியாத மொழியை அறியாத எழுத்தில் படித்துக்கொண்டு, அதே நாளில் துப்பாக்கியைப் பிரித்து மாட்டவும் கற்றிருக்கிறாள். நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு எழுத்தைப் பழக்கவே ஒரு வாரம் ஆகும். அந்த முகாமில் பாடம் நடத்தியவர்களை நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது.

ஏன் போனார்கள்? பாரத மாதாவுக்காக என்று நம் மேடைகளில் சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தியா என்றால் அம்மா சொன்ன ஊர்ப்பெயர், அவ்வளவுதான். அவர்கள் ஓடியது எதிலிருந்து என்று கேட்டால் விஷயம் இன்னும் கொஞ்சம் விளங்கும்.

அதற்கு இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கவாதி ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தியது. தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். வெள்ளைக்காரத் துரையையோ கணக்கெழுதும் கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிள் விஷயத்தைச் சொன்னால் இந்தக் காலப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மிதித்துக்கொண்டே போனதற்கு அடி வாங்கியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் உண்டு: தோட்டத்து வெள்ளைக்காரர்களும், வெள்ளைக்காரர்களைப் போலவே நடந்துகொண்ட நம்மவர்களான உத்தியோகஸ்தர்களும் தொழிலாளி வீட்டுப் பெண்களிடம் கைவைப்பது நிற்க வேண்டும்.

நான் இந்த ஒரு வரியில்தான் அதிக நாள் நின்றுவிட்டேன். பட்டியலை எழுதியவர்கள் ஆண்கள், கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஆண்கள். ஆனால் அந்த வரி ஆணிடமிருந்து வந்திருக்க முடியாது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் மூச்சுவிடுவதுகூடக் கேட்கிற இடத்தில், எவளோ ஒருத்தி முதலில் வாய் திறந்திருக்கிறாள். புருஷன் அவளையே திருப்பி அடிக்கலாம். கங்காணி அடுத்த நாளே கரட்டுக் காட்டுக்கு மாற்றிவிடலாம். சாதிசனம் அவளைத்தான் பேசும். எல்லாம் தெரிந்தே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது சங்கத்தின் கோரிக்கையானது. சொன்னவள் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அந்த வேலைநிறுத்தத்தைப் பட்டாளத்தை இறக்கி அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். இரண்டே வருடத்தில் தோட்டத்துப் பெண்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்றால், துணிச்சல் அங்கே போய்க் கற்றுக்கொண்டது என்று யாரும் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்தே கொண்டுபோனார்கள்.

இன்னொன்றும் அவர்களைத் துரத்தியது. போரில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தான். 415 கிலோமீட்டர் பாதை, காட்டையும் பாறையையும் உடைத்து, ஏறக்குறைய ஒரு வருடத்தில் போட்டு முடித்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் பல பத்தாயிரம் பேர் திரும்பி வரவில்லை. ‘மரண ரயில்’ என்று அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நாவல்கள் இருக்கின்றன, ஆவணப்படம் இருக்கிறது, செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். சரிதான். ஆனால் லாரி ஏற்றிக்கொண்டு போன பிறகு லயத்தில் மிச்சம் இருந்தவர்கள் யார்? பால் எடுக்கும் வேலை நின்றுவிட்டது, கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளியை நட்டு, அவித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். துணி கிடைக்காமல் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். புருஷன் செத்தானா இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாமல் மூன்று வருடம், நான்கு வருடம். என் அப்பாயி அப்படி இருந்தவர். தாத்தா வரவே இல்லை. கடைசிவரை அப்பாயி பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார். “செத்ததுக்கு யாராவது சேதி கொண்டாந்தாங்களா?” என்று கேட்பார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? போர் விதவை என்று எந்த அரசும் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது மரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர், “உங்கள் ஊர்ப் பெண்கள் மரம் வெட்டினார்கள் என்கிறீர்களே, கோடாலியாலா?” என்று கேட்டார். நம் ஊரில் மரம் வெட்டுவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பது, மரத்தைச் சாய்ப்பது இல்லை என்று அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜொகூரில் பால்மரத்தைப் பார்க்காமலே இருபது வயதைத் தாண்டிவிட முடிகிறது இப்போது.

பால் அதிகாலையில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் மரம் பாலை இறுக்கிக்கொள்ளும். அதனால் இருட்டோடு எழுந்து, சமைத்து வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, காட்டுக்குள் நுழைய வேண்டும். ஒருத்திக்கு முந்நூறு, நானூறு மரம், இடத்தைப் பொறுத்து அதற்கு மேலும் இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உருவிவிட்டு, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் அந்தக் கோட்டின் மேல் உளியை இழுக்க வேண்டும். சீவி எடுக்கிற பட்டை ஒரு மில்லிமீட்டர், அல்லது கொஞ்சம் கூட. அதற்கு உள்ளே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும், மறுபடி பட்டை சரியாக வளராது. அதற்குப் பயந்து ரொம்ப மேலேயே போனால் பால் சரியாக வராது. நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுவைத் தட்டவும் கை ஒழியாமல், அந்த ஒரு மில்லிமீட்டரை ஒரு விடியலில் நானூறு தடவை சரியாக எடுக்க வேண்டும். அப்புறம் பத்து மணிவாக்கில் திரும்பி வந்து மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்து, காண்டாவாளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை வந்தால் மங்கில் தண்ணீர் நிறைந்து அன்றைய பாடு அவ்வளவும் வழிந்துவிடும்.

இதைக் ‘கூலி வேலை’ என்று எழுதிவைத்திருக்கிறோம். அறுவைச் சிகிச்சை செய்பவரின் கைக்கு இருக்கும் நிதானத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

கூலி எவ்வளவு? 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களுக்கு அரசு வகுத்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தவுடன் அது 40 காசும் 32 காசுமாக இறங்கியது. பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்ற கணக்கு மட்டும் அப்போது இறங்கவில்லை. மரம் ஆணைக் கண்டால் ஒரு மாதிரியும் பெண்ணைக் கண்டால் ஒரு மாதிரியும் பால் விட்டதாக எந்த ஆராய்ச்சி நிலையமும் சொன்னதில்லை. அந்த 32 காசிலும் ஒரு பங்கு தோட்டத்துக் கடைக்காரனுக்கு, ஒரு பங்கு புருஷன் வழியாகக் கள்ளுக்கடைக்கு.

இந்தப் பெண்கள் எல்லாரும் புருஷன் பின்னால் வந்தவர்கள் என்ற நினைப்பும் நமக்கு உண்டு. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாமில் காத்துக் கிடந்து கப்பலேறியவர்களில் தனியாக வந்தவர்களும் உண்டு. விதவைகள், கட்டியவன் கைவிட்டவர்கள், சாதி மீறி ஒருவனோடு கிளம்பி வந்தவர்கள். ஊரில் ஒரு வாழ்க்கை முடிந்துபோன பிறகு இன்னொன்றைத் தேடிக் கடல் கடந்தவர்கள். 1920-களில் இந்திய அரசு மூன்று ஆணுக்கு இரண்டு பெண் என்ற விகிதத்தில் ஆள் அனுப்ப வேண்டும் என்று விதி போட்டது. அந்த விதியை எழுதியவர்களின் கண்ணில் பெண் ஒரு விகிதாசாரம். கப்பலில் ஏறியவளின் மனதில் என்ன இருந்ததோ, அதை யாரும் கேட்டு எழுதவில்லை.

ஆனால் எழுத்தே இல்லாமல் இல்லை. தோட்ட ஆபீசில் செக்ரோல் என்று ஒரு பதிவேடு இருந்தது. யார் இன்று வேலைக்கு வந்தாள், எத்தனை நாள், எவ்வளவு கூலி, என்ன பிடித்தம். கிராணி தினமும் எழுதினார். பெயர்களை அவர் காதில் விழுந்தபடி எழுதினார் என்பதால் ஒரே பெண் நாலு மாதத்தில் நாலு விதமாக இருப்பாள். இருந்தாலும் இருக்கிறாள். தோட்டங்கள் கைமாறி, செம்பனைக்கு மாறி, வீடமைப்புப் பகுதியாக மாறியபோது அந்தப் பழைய ஏடுகள் எங்கே போயின என்று நான் விசாரித்துக்கொண்டு திரிந்தேன். ஓரிடத்தில் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் கறையான் தின்றுவிட்டது. சண்டையில் அழிந்ததென்றால் துக்கமாவது மரியாதையாக இருந்திருக்கும். நம் காலத்தில், நம் கண் எதிரே, இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போட்டவை அவை.

ராசம்மா பூபாலனிடம் திரும்பி வருகிறேன் என்று சொன்னேனல்லவா. பட்டாளத்திலிருந்து வந்தவர் படித்துப் பட்டம் வாங்கி ஆசிரியை ஆனார். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆசிரியைக்கு மட்டும் அன்று சம்பளம் குறைவு. 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்து அவர் தலைமை ஏற்றார். சம வேலைக்குச் சம சம்பளம் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது அரசாங்கம் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியைகள் இந்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ளலாம். காக்கிச் சட்டையில் இருந்த ராசம்மாவைவிட, சேலையில் மனு எழுதிக்கொண்டிருந்த ராசம்மா எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். இது என் சொந்த அபிப்பிராயம். சுவரொட்டி அடித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த கதை ஜொகூர்க்காரர்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் ஆண்கள் குலை வெட்டினார்கள். பெண்களுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் மருந்துத் தோம்பு, பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கையுறை கொடுத்தால் உண்டு, வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டும். நகம் அழுகும், கண் எரியும், மூக்கில் ரத்தம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் தைலம் கொடுத்து அனுப்புவார்கள். ஐரின் ஃபெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களைத் தேடிப் போய், பரிசோதித்து, 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே வருடம் மலேசியா பாராகுவாட்டைத் தடை செய்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரியில் மறுபடி தடை. ஐரின் மேல் வேறொரு அறிக்கைக்காக வழக்குப் போட்டார்கள். கைதான பிறநாட்டுத் தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களைப் பற்றி அவர் எழுதியது அது. 1996-இல் தொடங்கிய வழக்கு 2008-இல்தான் விடுதலையில் முடிந்தது. பன்னிரண்டு வருடம். அவர் பெயராவது நமக்குத் தெரியும். சட்டையைத் தூக்கி முதுகிலிருந்த புண்ணைக் காட்டச் சம்மதித்த பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. காட்டியது தெரிந்தால் வேலை போகும் என்று தெரிந்துதான் காட்டினார்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

போன வருடம் கூலாய் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். பழைய தோட்டத்துக்காரர். “நீங்க செஞ்சதையெல்லாம் சொல்லுங்க பாட்டி, எழுதிக்கிறேன்” என்றேன். “நான் என்னாத்த செஞ்சேன் வாத்தியாரே, சும்மா மரம் வெட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார். சரி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். பேச்சு வாக்கில் ஒவ்வொன்றாக வந்தது. முப்பத்திரண்டு வயதில் புருஷன் போய்விட்டார். ஐந்து பிள்ளைகள். தன் மரத்தையும் வெட்டி, ஆள் வராத நாளில் அடுத்தவள் மரத்தையும் வெட்டி, மத்தியானம் புல் வெட்டப் போய், ராத்திரி இட்லி அவித்து விற்று, ஐந்தையும் படிக்க வைத்தார். ஒரு பெண் தாதி, ஒரு பெண் என்னைப் போல வாத்தியார். சம்பளத்தில் கை வைத்த ஒரு கிராணியைப் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும், வெட்டு உளியோடு நின்று கேள்வி கேட்டிருக்கிறார். “என்ன கேட்டீங்க?” என்றேன். “கணக்கு கேட்டேன். எனக்குத்தான் எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும்ல” என்றார்.

நோட்டில் எழுத வேண்டுமே என்று பெயர் கேட்டேன். புருஷன் பெயரைச் சொன்னார். “உங்க பேரு பாட்டி” என்றேன். மூத்த மகனின் பெயரைச் சொல்லி, அவனோட அம்மான்னு போடுங்க என்றார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேடையில் சொல்லலாமா என்று இன்று காலையில் கேட்டேன். வேண்டாம், வெட்கமா இருக்கு என்றார். அதனால் நான் சொல்லப்போவதில்லை. கடைசி வரிசையில், இடது ஓரத்தில், பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் கொடுக்கும்போது நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும்.